தி வே வே பேக்: இந்த ஓவன் அந்தப் பையனுக்கு அப்படி என்ன செய்துவிட்டான்?

நூலகத்திரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். 8ஆம் வகுப்பிலிருந்து 10ஆம் வகுப்பு வரை வருவார்கள். சிலரோடு பெற்றோரும் வருவார்கள். படம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம், அதுதான் எங்களுக்கு முக்கியம். அடுத்த முறைக்கு 2013இல் வெளிவந்த 'தி வே வே பேக்' படத்தைப் போடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டங்கன் 14 வயதுப் பையன். யாரோடும் ஒட்டமாட்டான். தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பான். ஒரு கேள்வி கேட்டால் அவன் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் நகர்ந்துவிடுவார். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மா பாம் இப்போது ட்ரெண்ட் என்பவனோடு பழகுகிறாள். கோடை விடுமுறைக்கு மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருக்கும் ட்ரெண்டின் வீட்டுக்கு எல்லோரும் போகிறார்கள். அங்கே பெரியவர்களுக்குக் குடியும் விருந்துமாகப் பொழுது போகிறது, பையனைக் கவனிக்க ஆள் இல்லை. வீட்டில் சும்மா கிடந்த ஒரு பெண்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுகிறவன், 'வாட்டர் விஸ்' என்ற வாட்டர் பார்க்குக்குப் போய்ச் சேருகிறான். அதை நடத்தும் ஓவன் அவனுக்கு வேலை கொடுக்கிறான். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் பையன் தினமும் அங்கே போகிறான். கதை இவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த படம் இது. ஆனால் எங்களோடு இந்த நிகழ்ச்சியை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏம்மா, வழிகாட்டி வழிகாட்டி என்கிறீர்களே, இந்த ஆள் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. எதற்கெடுத்தாலும் கேலி. பையனை உட்கார வைத்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னானா? அப்படி என்ன செய்துவிட்டான் என்று பிள்ளைகளிடம் சொல்லப்போகிறோம்?" என்று கேட்டார். அவர் கேட்பது நியாயமான கேள்வி. இன்னொன்றையும் கேட்டார்: அந்த அம்மாவை எப்படி மன்னிப்பது?

படம் பார்த்தவர்கள் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். கதை முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை.


ஈரக்காற்று எழுதியது:

தலைமையாசிரியர் ஐயாவின் கேள்விக்குப் பதில் முதல் காட்சியிலேயே இருக்கிறது. அங்கேயிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பழைய ஸ்டேஷன் வேகன் கார். ட்ரெண்ட் ஓட்டுகிறான். அம்மா பக்கத்து இருக்கையில் தூங்குகிறாள். நடு இருக்கையில் ட்ரெண்டின் மகளும் தூக்கம். டங்கன் எல்லோருக்கும் பின்னால், பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும் கடைசி இருக்கையில். அவனுக்கு எதிரே இருப்பது விட்டுவந்த சாலை மட்டும்தான். ட்ரெண்ட் பின்னால் பார்க்கும் கண்ணாடி வழியாக அவனிடம் கேட்கிறான்: 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால் நீ எத்தனை? பையன் தயங்கித் தயங்கி 6 என்கிறான். இல்லை, நீ 3 என்கிறான் ட்ரெண்ட். குரலை உயர்த்தவில்லை, திட்டவும் இல்லை. உன்னோடு பழகிப் பார்த்ததில் எனக்கு அப்படித் தெரிகிறது, இந்தக் கோடையில் அந்த எண்ணை உயர்த்தப் பார் என்று அக்கறை போலச் சொல்கிறான். அந்தக் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரியும்.

இது எழுதி உண்டாக்கிய காட்சி இல்லை. படத்தை எழுதி இயக்கிய இருவரில் ஒருவரான ஜிம் ராஷுக்கு 14 வயதில் நடந்தது. மிச்சிகனுக்கு விடுமுறைக்குப் போகும் வழியில் அவருடைய மாற்றாந்தந்தை காரில் கேட்ட கேள்வி, போட்ட அதே 3. அந்த மனிதர் அதைச் சொல்லி எத்தனையோ வருடம் கழித்து அது ஒரு படத்தின் முதல் காட்சியாக வருகிறது என்றால், அந்த எண் உள்ளே எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்! எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ட்ரெண்ட் கொடுமைக்காரன் இல்லை என்பதுதான் இந்தப் படத்தின் பலம். அவன் அடிக்கமாட்டான், சோறு போடாமல் இருக்கமாட்டான். எல்லாமே உன் நல்லதுக்குத்தான் என்பான். படகில் போகும் காட்சியைப் பாருங்கள். யாரும் லைஃப் ஜாக்கெட் போடவில்லை, டங்கன் மட்டும் போட்டே ஆக வேண்டும் என்கிறான். பாதுகாப்புக்குத்தானே என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் அவ்வளவு பேர் நடுவில் ஆரஞ்சு நிற மூட்டையாக உட்கார்ந்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் கேண்டிலேண்ட் விளையாடும் காட்சி. சின்னக் குழந்தைகள் ஆடும் அட்டை விளையாட்டு அது. அதில்கூட விதி விதி என்று ட்ரெண்ட் பிடித்துத் தொங்குவதில் மொத்தக் குடும்பமும் இறுகிப்போகிறது. இப்படி ஒருவன் வீட்டில் இருந்தால், எதைச் செய்தாலும் யாரோ மதிப்பெண் போடுகிறார்கள் என்ற நினைப்போடேதான் பிள்ளை நடமாடும்.

இப்போது ஓவனுக்கு வருகிறேன். வாட்டர் பார்க்கில் டங்கன் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஓவன் வந்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நீ ரொம்பவும் சந்தோஷமாக இருக்கிறாய், மற்றவர்களுக்கு அது சங்கடமாக இருக்கிறது, அதனால் நீ வெளியே போக வேண்டும் என்கிறான். இது கேலி என்று யாருக்கும் தெரியும். டங்கன் சரி என்று எழுந்து கிளம்பிவிடுகிறான்! வெளியே போ என்றால் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவன் கற்றது. ஓவனே திகைத்துப்போகிறான். நான் படத்தில் மிகவும் கவனித்த இடம் அதற்கு அடுத்து வருவது. ஓவன் பரிதாபப்படவில்லை. ஐயோ பாவம் என்று குரலை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அதே கேலியைத் தொடர்கிறான். மற்ற எல்லோரிடமும் எப்படிப் பேசுவானோ அப்படியே இவனிடமும். கொஞ்ச நாளில் பையன் பதிலுக்குக் கேலி பேசக் கற்றுக்கொள்கிறான். கூச்சம் உள்ள பிள்ளையிடம் நாம் தனிக்குரலில் பேசும்போதே அவனை ஒதுக்கிவிடுகிறோம், ஓவன் அதைச் செய்யவில்லை.

அடுத்தது வேலை. பார்க்கில் ஒரு கூட்டம் அட்டையை விரித்துப்போட்டு பிரேக் டான்ஸ் ஆடுகிறது. போய் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு வா என்று டங்கனை அனுப்புகிறார்கள். இந்தப் பையனால் ஒரு கடையில் போய்ச் சில்லறைகூடக் கேட்க முடியாது. போகிறான். நீ ஒரு ஆட்டம் ஆடு, தருகிறோம் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவன் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, கையும் காலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போகும், பார்க்கிற நமக்கு வியர்க்கும். ஆனால் அட்டையோடு திரும்பி வருகிறான். அன்றிலிருந்து பார்க்கில் அவனுக்கு 'பாப் அண்ட் லாக்' என்று பெயர், அது ஒரு நடன பாணியின் பெயர். நன்றாக ஆடினான் என்று யாரும் பொய் சொல்லவில்லை. அவன் ஆடியதுபோலவே அவனை ஏற்றுக்கொண்டார்கள்.

இதை நான் என் வாழ்க்கையிலிருந்து அறிந்தவன். 9ஆம் வகுப்பு விடுமுறையில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லும்போது 'இவன் எதற்கும் லாயக்கில்லை' என்றுதான் தொடங்குவார்கள். கடைக்காரர் பேசாத ஆள். பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீரில் முக்கிப் பிடிப்பது, செயினுக்கு கிரீஸ் போடுவது, பிறகு ரிம்மில் கோட்டம் எடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். தப்பாகப் போனால் கழற்றித் திரும்ப வைப்பார், ஏன் தப்பு என்று பிரசங்கம் இருக்காது. ஒரு மத்தியானம் "கல்லாவப் பாத்துக்கடா, சாப்பிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அவர் எனக்கு அறிவுரை எதுவும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் அந்தச் சாவிக்குப் பிறகு நான் தெருவில் நடந்த விதமே மாறியது. டங்கன் வாட்டர் விஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ட்யூப்களை அடுக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கடைக்காரர் ஞாபகம்தான் வருகிறது.

ஐயா கேட்ட நாலு நல்ல வார்த்தையும் படத்தில் இருக்கிறது, கடைசியில் இருக்கிறது. வீட்டில் பெரிய சண்டை வெடித்தபின் டங்கன் ஓடிவந்து இரவு முழுக்க பார்க்கிலேயே தங்குகிறான். அங்கே வேலை செய்யும் லூயிஸ் விடைபெறும் விருந்து அன்றைக்கு. (லூயிஸாக நடிப்பது ஜிம் ராஷேதான்.) காலையில் ஓவன் வீட்டுக்குப் போகலாம் என்கிறபோதுதான் அந்த 3 என்ற எண்ணைப் பையன் வாய்விட்டுச் சொல்கிறான். கோடை முழுக்க யாரிடமும் சொல்லாததை. ஓவன் சொல்லும் பதில் இதுதான்: அது அந்த ஆளைப் பற்றிய விஷயம், உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவனுக்கு உன்னைத் தெரியாது. தன் அப்பாவும் இப்படி விதியும் ஒழுங்குமாக நெருக்கியவர் என்பதையும் அவன் வாயிலிருந்து அப்போது கேட்கிறோம். படத்தின் ஆரம்பத்தில் பாக்மேன் என்ற வீடியோ கேம் விளையாடும்போது, இதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைப் பின்பற்றினால் ஜெயிக்கலாம் என்று டங்கன் சொல்வான், ஓவன் அதை ஒத்துக்கொள்ளமாட்டான். அவன் ஏன் அப்படி என்பது இங்கேதான் புரிகிறது.

இந்த வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால் பையன் சரி சரி என்று தலையாட்டியிருப்பான். அத்தனை நாள் கூட வேலை செய்து, கூடச் சாப்பிட்டு, கேலி பேசியபின் சொன்னதால் நம்பினான். அதனால் ஐயாவிடம் சொல்லுங்கள், ஓவன் செய்தது அதுதான்: கேட்கும் நிலைக்குப் பையன் வரும்வரை கூடவே இருந்தான்.


தேரடி எழுதியது:

ஈரக்காற்று நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் நான் தலைமையாசிரியர் பக்கம்தான் நிற்கிறேன்.

கெய்ட்லின் என்ற பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மாயா ருடால்ஃப் நடித்த பாத்திரம். அந்தப் பார்க் ஓடுவது அவளால்தான். உடைந்ததைச் சரி செய்ய ஆள் பிடிப்பதிலிருந்து எல்லாப் பொறுப்பும் அவள் தலையில் விழுகிறது. ஓவன் மைக்கில் கேலி பேசிக்கொண்டு திரிகிறான். அவள் சலித்துப்போய் இனிமேல் இங்கே இருக்கமாட்டேன் என்ற இடத்துக்கு வருகிறாள். ஓவன் எல்லோருக்கும் பிடித்தவனாக இருக்க முடிவதே அவள் பிடிக்காத வேலைகளைச் செய்வதால்தான். பையன்கள் ஓவனை மட்டும் பார்த்துவிட்டு, பொறுப்பில்லாமல் இருப்பதுதான் ஆண்மை, அழகு என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, இதைவிடப் பெரியது. ராடி என்று ஒருவன் (நாட் ஃபாக்ஸன், இன்னொரு இயக்குநர்) சறுக்கு மேடையின் உச்சியில் நிற்கிறான். நீச்சலுடையில் வரும் பெண்களைக் கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு என்று வேண்டுமென்றே நிறுத்தி வைத்துப் பின்னாலிருந்து பார்க்கிறான். ஓவனும் டங்கனும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அப்புறம் டங்கனும் செய்து பார்க்கிறான். படம் இதைச் சிரிப்பாகத்தான் காட்டுகிறது. 14 வயதுப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் இதைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கடந்துபோனால், அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால் அந்தக் காட்சி எனக்குக் கசந்தது.

மூன்றாவது, ஒரு சின்னப் பையன் தினமும் காலையில் வந்து இரவில் போகிறான். உன் வீடு எங்கே, அம்மாவுக்குத் தெரியுமா என்று பெரியவன் ஒருவன் கேட்க வேண்டாமா? கோடை முடியும்வரை ஓவன் அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை.


நூலகத்திரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈரக்காற்று, உங்கள் பதிலை அச்செடுத்து ஐயாவிடம் காட்டினேன். "சாவிக் கதை உண்மைதான், நானும் வகுப்பில் பேசாத பையனிடம்தான் வருகைப் பதிவேட்டைக் கொடுத்தனுப்புவேன்" என்றார். அதற்கு மேல் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தேரடி சொன்ன சறுக்கு மேடைக் காட்சியை வெட்டிவிட்டுப் போடலாமா என்று முதலில் யோசித்தோம். வேண்டாம், போட்டுவிட்டுப் பேசுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்களிடம் வரும் பெண்பிள்ளைகள் வாயாடிகள், விடமாட்டார்கள்.

அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? படத்தில் எனக்கு மிகவும் வலித்தது ட்ரெண்டின் 3 இல்லை. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள் கண்ணா என்று அம்மாவும் சேர்ந்து சொல்கிற இடம்தான்.


ஈரக்காற்று எழுதியது:

தேரடி, கெய்ட்லின் பற்றி நீங்கள் சொன்னது சரி. படமும் அதைச் சரியென்றே சொல்கிறது, ஓவனைத் திருத்த முயற்சிப்பதும் அவள் கோபம்தான். ராடி காட்சிக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்றால், டங்கனுக்கு வீட்டு வாடை படாத ஓர் இடம் வேண்டியிருந்தது. ஓவன் முதல் வாரமே வந்து அம்மாவிடம் பேசியிருந்தால் ட்ரெண்ட் அந்த வேலையையும் ஒரு விதிப்பட்டியலாக மாற்றியிருப்பான்.

நூலகத்திரை கேட்ட அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பாம் கெட்ட அம்மா இல்லை, பயந்த அம்மா. கணவன் இன்னொரு இளம்பெண்ணோடு போய்விட்டான், நாட்டின் மறுகரையில் சான் டியாகோவில் இருக்கிறான். மறுபடியும் தனியாகிவிடுவோமோ என்ற பயத்தில் ட்ரெண்ட் சொல்வதற்கெல்லாம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறாள். டோனி காலெட் அந்தச் சிரிப்பைச் செய்கிற விதத்தைப் பாருங்கள், உதடு மட்டும்தான் சிரிக்கும். ட்ரெண்டுக்கும் நண்பனின் மனைவி ஜோனுக்கும் தொடர்பு இருப்பது டங்கனுக்கு அம்மாவுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த வயதில் ஒரு பிள்ளை அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டி வருவது பெரிய பாரம். எல்லோரும் கூடியிருக்கும் விருந்தில் அவன் அம்மாவிடம் வெடித்துக் கேட்கிறான், உனக்குத் தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறாய் என்று. அதற்கு ட்ரெண்ட் திருப்பிச் சொல்வது, உன் அப்பாவுக்கே நீ வேண்டாம் என்பது. படத்தில் அவன் முகமூடி முழுதாகக் கழன்று விழுவது அங்கேதான்.

கடைசிப் பகுதிதான் அம்மாவுக்கான பதில். பிரச்சினை முற்றி, சொன்ன நாளுக்கு முன்பே எல்லோரும் கிளம்புகிறார்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் டங்கன் கதவைத் திறந்துகொண்டு பார்க்குக்குள் ஓடுகிறான். அந்தப் பார்க்கில் ஒரு பேச்சு உண்டு: குழாய்ச் சறுக்கில் ஒருவன் முன்னால் போகிறவனை உள்ளேயே முந்திவிட்டான் என்று. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டங்கன் ஓவனை இழுத்துக்கொண்டு போய் அதைச் செய்து காட்டுகிறான். கீழே தண்ணீரில் வந்து விழும்போது அவன்தான் முதலில் வருகிறான், வேலைக்காரர்கள் எல்லோரும் ஆர்ப்பரிக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்தபடி நிற்கிறாள். கோடை முழுக்கத் தன் மகன் எங்கே போனான் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை பேருக்குத் தன் பிள்ளையைப் பிடித்திருக்கிறது, இங்கே அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை அந்த ஒரே நிமிடத்தில் தெரிந்துகொள்கிறாள். ஓவன் வந்து அவளிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். ட்ரெண்ட் பையனை நோக்கி வரும்போது ஓவன் குறுக்கே நின்றுவிடுகிறான். ஒரு வார்த்தை சண்டை இல்லை, நகராமல் நிற்கிறான், அவ்வளவுதான்.

அப்புறம் காரில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பாம் முன்னிருக்கையிலிருந்து எழுந்து, ஒவ்வொரு இருக்கையாகத் தாண்டி, மகன் இருக்கும் கடைசி இருக்கைக்கு வந்து உட்காருகிறாள். என்ன செய்கிறாய், என்ன செய்கிறாய் என்று ட்ரெண்ட் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறான். அவள் ஒரு பதிலும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றை எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். அவள் ட்ரெண்டை விட்டுவிட்டாளா என்று படம் சொல்லவில்லை. பக்கம் மாறி உட்கார்ந்தாள் என்று மட்டும் காட்டுகிறது, எனக்கு அது போதும்.


மாலைக்காட்சி எழுதியது:

இந்தத் திரியை இப்போதுதான் பார்த்தேன். நடிகர்களைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

ட்ரெண்டாக வரும் ஸ்டீவ் கேரலும் டோனி காலெட்டும் 2006இல் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தில் அண்ணன் தங்கையாக நடித்தவர்கள். அதில் டுவேன் என்று ஒரு பையன் பேசவே மாட்டேன் என்று சபதம் எடுத்திருப்பான். அவனிடம் மனம்விட்டுப் பேசுகிற மாமா யார் தெரியுமா? இதே ஸ்டீவ் கேரல். அந்தப் படத்தைப் பார்த்து அந்த மாமாவை நேசித்தவர்கள் இங்கே அதே முகம் 3 என்று சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு சில்லிடும். அதுவரை சிரிப்பு நடிகராகவே அறியப்பட்டவரை இயக்குநர்கள் இங்கே வேண்டுமென்றேதான் போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

டோனி காலெட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2002இல் வந்த 'அபௌட் எ பாய்' படத்தில், பள்ளியில் எல்லோரும் கேலி செய்யும் 12 வயது மார்கஸின் அம்மா அவர்தான். அது லண்டனில் நடக்கும் கதை. அங்கேயும் பொறுப்பில்லாத ஒரு ஆள்தான் பையனுக்குத் துணை. தேரடி சொல்லும் குறைக்கு அந்தப் படத்தில் கொஞ்சம் பதில் இருக்கிறது, அங்கே மாறுவது பெரியவன்தான் அதிகம், பையன் இல்லை.

டங்கனாக நடித்த லியம் ஜேம்ஸ் கனடாக்காரர், 1996இல் பிறந்தவர். பேச்சு மிகக் குறைவு, உடம்பால்தான் நடித்திருக்கிறார். தொடக்கத்தில் கழுத்து தோளுக்குள் புதைந்திருக்கும், கை தொங்கும், கண் தரையைப் பார்க்கும். முடிவில் அதே பையன் ட்ரெண்டின் கண்ணை நேராகப் பார்க்கிறான். எப்போது மாறியது என்று ஒரு காட்சியைச் சுட்டிக்காட்ட முடியாது. நல்ல நடிகர்களுக்கே வாய்ப்பது அது.

இன்னொரு தகவல். நாட் ஃபாக்ஸனும் ஜிம் ராஷும் 'தி டிசென்டன்ட்ஸ்' படத்துக்காக இயக்குநர் அலெக்சாண்டர் பெயினோடு சேர்ந்து 2012இல் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கியவர்கள். ஆனால் 'தி வே வே பேக்' கதையை அதற்கு முன்பே எழுதிவிட்டார்கள். படமாக்கப்படாத நல்ல திரைக்கதைகளுக்காக ஹாலிவுட்டில் வருடாவருடம் வரும் பட்டியலில் 2007லேயே இது இருந்தது. பணம் கிடைக்காமல் கிடந்து, 2012 கோடையில்தான் எடுத்தார்கள். சுமார் 50 லட்சம் டாலர் செலவு, அமெரிக்கக் கணக்கில் அது மிகச் சின்ன படம். 2013 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டதும் ஃபாக்ஸ் சர்ச்லைட் என்ற பட நிறுவனம் கிட்டத்தட்ட 1 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

வாட்டர் விஸ் நிஜமாகவே இருக்கும் பார்க். மாசசூசெட்ஸில் கிழக்கு வேர்ஹாம் என்ற ஊரில், கேப் காட் போகும் வழியில் இருக்கிறது. படத்தில் பெயரைக்கூட மாற்றவில்லை. அதனால்தான் அந்தப் பார்க்கின் வெளிறிய பெயிண்ட், பழைய சறுக்குகள் எல்லாம் செட் போட்டதுபோல் இல்லாமல் உண்மையாக இருக்கின்றன.

அடுத்த மாதத்துக்கும் ஒரு யோசனை: அதே அலெக்சாண்டர் பெயின் 2023இல் எடுத்த 'தி ஹோல்டோவர்ஸ்'. 1970 டிசம்பரில் மாசசூசெட்ஸ் விடுதிப் பள்ளி ஒன்றில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட பையனும், எல்லோரும் வெறுக்கிற ஒரு ஆசிரியரும். அந்தப் பையனாக நடித்த டொமினிக் செஸாவுக்கு அதுதான் முதல் படம். உங்கள் தலைமையாசிரியருக்கு அது கட்டாயம் பிடிக்கும், அதில் வழிகாட்டி உண்மையிலேயே ஆசிரியர். சமையற்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேரியாக வரும் டேவைன் ஜாய் ராண்டால்ஃப் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அது பெரிய பிள்ளைகளுக்கான படம், மொழி கடுமையாக இருக்கும், நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


நூலகத்திரை எழுதியது:

'லிட்டில் மிஸ் சன்ஷைன்' பார்த்திருக்கிறேன், ஆனால் இது அதே நடிகர் என்று மனதில் இணைக்கவே இல்லை! இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை என்னென்ன? நான் நினைவில் வைத்து எழுதினால் ஏதாவது விட்டுப்போகும். ஐயா தாமே முன்னால் நின்று பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஓவனை எதிர்த்துத்தான் பேசுவாராம். எனக்கு அது சந்தோஷம்தான்.


தேரடி எழுதியது:

படம் 103 நிமிடம். அமெரிக்காவில் 'பிஜி 13' சான்று, அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் நிறையக் குடிப்பார்கள், போதைப்பொருள் விஷயமும் சிறிது வரும். திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு கதையின் முக்கியப் பகுதி. இரட்டை அர்த்தப் பேச்சு அங்கங்கே உண்டு, அதிகமும் பக்கத்து வீட்டில் இருக்கும் பெட்டி என்ற பெண் பேசுவது. அந்தப் பெண் தன் சின்ன மகனின் மாறுகண்ணை எல்லோர் முன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மாறுகண் உள்ள பிள்ளையோ, கண்ணில் மறைப்பு ஒட்டியிருக்கும் பிள்ளையோ உங்கள் கூட்டத்தில் இருந்தால் முன்பே அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டில் அப்பா அம்மா பிரிந்திருக்கும் பிள்ளைகள் இருந்தாலும் அப்படியே.

ஐயா முன்னால் நிற்பது நல்லது. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சறுக்கு மேடைக் காட்சியைப் பற்றிப் பேச்சு வரும்போது முதலில் பெண்பிள்ளைகளைப் பேச விடுங்கள், பையன்கள் அதைக் கேட்கட்டும். அதற்குப் பிறகு கெய்ட்லின் அந்தப் பார்க்கில் செய்யும் வேலைகளை எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஓவன் செய்யும் வேலைகளையும் எழுதட்டும். இரண்டையும் பார்த்த பிறகும் ஓவனை அவர்களுக்குப் பிடித்திருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.